முசேயின் பின்னந்தலை

என் கடையில் ஒரு கைக்கண்ணாடி இருக்கிறது. வட்டக் கண்ணாடி, மரப்பிடி. பிடியில் ஓரிடத்தில் சாயம் போய், கட்டைவிரல் உட்காரும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. அந்தக் கட்டைவிரல் என்னுடையது. முடி வெட்டி முடித்ததும் கழுத்தைத் தட்டிவிட்டு, அந்தக் கண்ணாடியை வாடிக்கையாளரின் தலைக்குப் பின்னால் பிடிப்பேன். முன்னால் சுவரில் இருக்கும் பெரிய கண்ணாடியில் அவர் தன் பின்னந்தலையைப் பார்ப்பார். தலையை ஆட்டுவார். அதோடு வேலை முடிந்தது. எல்லா முடிவெட்டும் கடையிலும் நடப்பதுதான். ஆனால் கண் தெரியாத ஒருவருக்கும் நான் அந்தக் கண்ணாடியைப் பல வருஷம் பிடித்திருக்கிறேன். அவர் கேட்டுத்தான் பிடித்தேன்.

அவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. முதலில் ஒரு கண் போனது, பிறகு மற்றது. முழுக்கத் தெரியாமல் போன பிறகு முதல் தடவை கடைக்கு வந்தபோது, முடி வெட்டி, துண்டை உதறி, "முடிஞ்சுது முசே" என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. "கண்ணாடி காட்டலயா தம்பி?" என்றார். நான் கண்ணாடியைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். "நீ காட்டு. பாக்கறதும் பாக்காததும் என் பாடு" என்றார். எடுத்துப் பிடித்தேன். மற்றவர்கள் பார்க்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நேராக உட்கார்ந்திருந்தார். "எப்படி இருக்கு?" என்று கேட்டார். "சரியா இருக்கு" என்றேன். தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். அன்றிலிருந்து அப்படியே வைத்துக்கொண்டோம்.

முசே என்பது அவர் பெயர் இல்லை. பாண்டிச்சேரிக்காரர். அங்கே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை அங்கே சொல்தா என்பார்களாம். இவரும் சொல்தாதான். பட்டாளத்தை விட்டபின் பாரிஸில் கொஞ்ச நாள் இருந்தார். அப்பா படுத்துவிட்டார் என்று ஊர் திரும்பி, அங்கிருந்து சொந்தக்காரர் ஒருவர் மூலம் கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் கம்பெனி வேலைக்கு வந்து, கிள்ளானிலேயே பெண் எடுத்து இந்த ஊர்க்காரர் ஆனார். ஆபீஸ் கோலாலம்பூருக்கு மாறியபோது பிரிக்பீல்ட்ஸ் வந்தார். என் கடை ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் இருக்கிறது. பாண்டிச்சேரியில் ஐயா என்பதற்கு முசே என்பார்கள் என்று அவர்தான் ஒரு நாள் சொன்னார். அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் அதையே அவருக்கு வைத்துவிட்டார்கள். கேலியாக வைத்ததுதான். அவர் கோபப்படவில்லை. ஒட்டிக்கொண்டது.

நான் காப்பார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரை. அதற்குப் பிறகு கத்தரிக்கோல். அதிகம் பேசத் தெரியாது. முடி வெட்டுகிறவன் பேச வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் பேசுவதில்லை. அதனால் வாடிக்கையாளர்கள் பேசுவார்கள். முசே பேசியதெல்லாம் சினிமா. பிரெஞ்சு சினிமா. பழையது, கறுப்பு வெள்ளை. இன்ன இயக்குனர் எப்படிப் படம் எடுப்பார், இன்ன நடிகர் எப்படி நிற்பார், இன்ன நடிகை எப்படித் திரும்புவாள் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பெயர்கள் எனக்கு வாயில் நுழையாது. நான் முடியை வைத்து அடையாளம் வைத்துக்கொண்டேன். அவர் ஒரு பழைய சினிமாப் புத்தகம் கொண்டுவருவார், படம் போட்டது. பையன் மாதிரி ஒட்ட வெட்டிய நடிகை. பிடரி தடித்த, பேசாத நடிகர். நெற்றியில் முடி விழுந்து கிடக்கும் ரவுடி முகக்காரர். தொப்பியைக் கழற்றாத ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. தலையைப் பார்க்காமல் நான் யாரையும் எடை போடுவதில்லை.

முசேயின் தலை எனக்கு நன்றாகத் தெரியும். ரெட்டைச் சுழி. ஒன்று உச்சியில் வலப்பக்கம், மற்றது இடப்பக்கம் சற்றுக் கீழே. இரண்டும் எதிரெதிராகச் சுற்றும். நடுவில் அகப்பட்ட முடி எங்கே போவது என்று தெரியாமல் சேவல் கொண்டை மாதிரி எழுந்து நிற்கும். நீளமாக விட்டால் படியும். குறைத்தால் நிற்கும். எண்ணெய் போட்டாலும், ஈரம் வைத்து அமுக்கினாலும், கடையை விட்டு இறங்கும்முன் எழுந்துவிடும். வலது காதுக்குப் பின்னால் பிறை மாதிரி ஒரு தழும்பு. சின்ன வயதில் கிணற்றுக் கட்டையில் அடிபட்டதாம். அங்கே முடி முளைக்காது. அதை மறைக்க மேலே உள்ள முடியைக் கொஞ்சம் தாழ்த்தி விடுவேன். அந்தக் கொண்டையோடும் தழும்போடும் நான் வருஷக்கணக்காகப் போராடியிருக்கிறேன். முகத்தைக்கூட அவ்வளவு பார்த்ததில்லை.

ரெட்டைச் சுழிக்கு ரெண்டு பொண்டாட்டி என்று கடையில் கேலி செய்வார்கள். ஆனால் அவருக்குப் பெரிய கேலி அது இல்லை. படம்தான். முசே பாரிஸில் இருந்தபோது ஒரு ரயில் நிலையத்துக்குப் பக்கத்து காப்பிக் கடையில் கோப்பை கழுவினார். அந்தக் கடையில் படம் எடுக்க வந்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே புதிதாகக் கிளம்பிய இயக்குனர்கள் ஸ்டூடியோவுக்குள் போகமாட்டார்களாம். தெருவிலும் கடையிலும் உண்மையான ஆட்களுக்கு நடுவிலேயே எடுப்பார்களாம். இவர் பட்டாளத்து முடியோடு வேலை முடிந்து கடை மேசையில் உட்கார்ந்திருந்தார். இயக்குனர் பார்த்தார். "அப்படியே இரு, நடிக்காதே" என்றார். பெரிய நடிகர், பிடரி தடித்தவர், பக்கத்தில் வந்து தீப்பெட்டி கேட்பார். இவர் கொடுக்க வேண்டும். "வச்சுக்கோங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். முன்னாலிருந்து ஒரு தடவை எடுத்தார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்து பின்னாலிருந்தும் எடுத்தார்கள். படம் வெளிவரும்முன் இவர் கப்பல் ஏறிவிட்டார்.

கிள்ளானில் பெண் கேட்டுப் போனபோது இதைச் சொல்லியிருக்கிறார். பெரிய நடிகரோடு நடித்திருக்கிறேன், படம் இங்கேயும் வரும், பார்ப்பீர்கள் என்று. படம் வரவில்லை. கோலாலம்பூர் தியேட்டரில் வரவில்லை, டிவியில் வரவில்லை. பிற்பாடு எல்லாப் படமும் போனில் வந்தது. அது மட்டும் வரவில்லை. அவருடைய மச்சினர் கிள்ளானில் லோரி வைத்திருந்தவர், அக்கா கல்யாணத்தின்போது பள்ளிக்கூடப் பையன். அவர் தலை நரைக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார். என் கடைக்கும் வருவார். உள்ளே நுழையும்போதே ஆரம்பிப்பார்.

"என்ன மச்சான், படம் எப்ப ரிலீஸ்?"

"வரும்டா."

"தீபாவளிக்கா, பொங்கலுக்கா?"

"நீ டிக்கெட்டு எடுத்து வை. வரும்."

"எனக்குப் பேரப்பிள்ளையே வந்துருச்சு லா. உங்க படத்தக் காணோம்."

கடை சிரிக்கும். முசேயும் சிரிப்பார். ஆனால் நான் பின்னால் நிற்கிறவன். முகம் சிரித்தாலும் கழுத்து விறைக்கும். அது எனக்குத் தெரியும். அவர் மகள் பூச்சோங்கில் இருக்கிறாள், ஒரே மகள். அவள் சின்ன வயதில் பள்ளியில் போய்ச் சொல்லிக் கேலி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். பிறகு அதைப் பற்றிப் பேசுவதில்லை. "அப்பா கதை" என்று விட்டுவிட்டாள். மனைவி நம்பினார்களா என்று ஒரு தடவை கேட்டேன். "அவ கேட்டதே இல்ல" என்றார். நம்பியதால் கேட்கவில்லையா, நம்பாததால் கேட்கவில்லையா என்று அவருக்கே தெரியவில்லை. அந்த அம்மா போய்ச் சேர்ந்த பிறகு ஒரு நாள், கடையில் யாரும் இல்லாதபோது சொன்னார். "தம்பி, நான் அந்தப் படத்தப் பாத்ததே இல்ல. என்னை வெட்டி எறிஞ்சிருக்கலாம். அப்படின்னா நான் இத்தன வருஷம் பொய் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். எனக்கே தெரியாம." நான் மிஷினை நிறுத்தவில்லை.

கோலாலம்பூரில் ஒரு இடத்தில் மாதம் ஒரு தடவை, வாரநாள் மதியத்தில், பழைய பிரெஞ்சுப் படம் இலவசமாகப் போடுவார்கள். சின்ன அறை. ஒரு சீனப் பெண்மணி நடத்தினார். நல்ல மாதிரி. கண் போன பிறகு முசே தன்னை அங்கே கூட்டிக்கொண்டு போகும்படி என்னிடம் சொன்னார். மதியம் கடையில் கூட்டம் இருக்காது. தஞ்சாவூர் பக்கமிருந்து வேலை பெர்மிட்டில் வந்த ஆள் ஒருவர் என்னிடம் வேலை செய்கிறார். நாற்பது வயது, கை சுத்தம். அவரிடம் கடையை விட்டுவிட்டு எல்.ஆர்.டி. ரயில் ஏறுவோம். கண் தெரியாதவர் படம் பார்க்கப் போகிறார், பாஷை தெரியாதவன் துணைக்குப் போகிறான் என்று மச்சினர் சிரித்தார். அவர் சொன்னது சரி. முசேக்குக் காது இருந்தது. எனக்குக் கண் இருந்தது. கீழே ஓடும் ஆங்கில எழுத்தை நான் படித்து முடிக்கும்முன் அது போய்விடும். அதனால் பேசுவதை அவர் எனக்குச் சொல்வார். நடப்பதை நான் அவருக்குச் சொல்வேன். பக்கத்தில் இருப்பவர்கள் முகம் சுளித்தார்கள். அந்தப் பெண்மணி எங்களுக்குக் கடைசி வரிசை மூலையில் இரண்டு நாற்காலி தனியாகப் போட்டுக் கொடுத்தார்.

நான் சொல்லும் விதம் இப்படி இருக்கும். "வர்றான். கோட்டைக் கழட்டல. உட்கார்றான். சிகரெட்டு." அவர் கேட்பார், "மூஞ்சி?" "ஒண்ணும் இல்ல." "ஒண்ணும் இல்லன்னா?" "அழல. சிரிக்கல. சும்மா இருக்கான்." அவர் தொடையைத் தட்டிக்கொள்வார். "அதான் அவன். எல்லாம் உள்ள இருக்கு. வெளிய விடமாட்டான்." எனக்கு இது பழகக் கொஞ்ச நாள் ஆனது. நம்ம படத்தில் கதாநாயகன் வந்தால் தெரியும். காற்றடிக்கும், மேளம் அடிக்கும். இங்கே கதாநாயகன் என் கடைக்குள் வருகிற ஆள் மாதிரி வருகிறான். சண்டை இல்லை. பாதி நேரம் நடக்கிறார்கள். காப்பி குடிக்கிறார்கள். ஒரு பெண் ஜன்னலோரம் நிற்கிறாள், தெருவைப் பார்க்கிறாள், அதையே காட்டுகிறார்கள். முசே ஒவ்வொரு இயக்குனரைப் பற்றியும் சொல்வார். ஒருவர் முகத்தைவிடக் கையைத்தான் நம்புவாராம். கதவைத் திறக்கும் கை, பையை மூடும் கை. ஒருவர் நடிகர்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து, நடிப்பு மொத்தமும் வடிந்த பிறகுதான் எடுப்பாராம். இன்னொருவர் யாரையும் கெட்டவன் என்று காட்டமாட்டாராம். எல்லாருக்கும் ஒரு நியாயம் வைப்பாராம். படம் முடியும்போது முடிந்த மாதிரியே இருக்காது. விளக்குப் போட்டுவிடுவார்கள். முதல் சில தடவை ஏமாற்றமாக இருந்தது. பிறகு பிடித்துப்போனது. என் வேலையும் அப்படித்தான். வந்தவர் முடியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் கதை எங்கே முடிந்தது என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்று கவனித்தேன். அந்தப் படங்களில் ஆட்களைப் பின்னாலிருந்து நிறையக் காட்டுகிறார்கள். ஒருவன் நடந்துபோனால் கேமரா அவன் பின்னாலேயே போகும். மேசையில் இருவர் பேசினால் ஒருவர் முதுகு வழியாக மற்றவரைப் பார்ப்போம். முதுகையும் பிடரியையும் பார்த்தே அந்த ஆள் என்ன நினைக்கிறான் என்று தெரிந்துவிடும். இதைச் சொன்னேன். முசே என் பக்கம் திரும்பினார். "உனக்கு இந்தப் படம் புரியும்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

அப்புறம் ஒரு மாதம் அந்தப் பெண்மணி போன் பண்ணினார். முசே பல தடவை கேட்டு வைத்திருந்த, அவர் தீப்பெட்டி கொடுத்த அந்தப் படம். பெட்டியில் கிடந்து கெட்டுப்போனதைப் பிரான்சில் சுத்தம் பண்ணிப் புதுசாக்கியிருக்கிறார்கள். அடுத்த மாதம் இங்கே போடுகிறோம் என்றார். முசே அன்று கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முடி வெட்டும் நாள் இல்லை. உட்கார்ந்துவிட்டு எழுந்து போனார்.

மகள் பூச்சோங்கிலிருந்து வந்தாள், வேலைக்கு லீவு போட்டுவிட்டு. மச்சினரும் கிள்ளானிலிருந்து வந்தார். "நானும் வர்றேன் லா. இத்தன வருஷம் கேட்டாச்சு, பாக்காம விட்டா எப்படி" என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் சட்டை இஸ்திரி போட்டது. மகள் ஓட்ட, காரில் போனோம். பின் சீட்டில் முசே என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். "தம்பி, நான் இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடு. மனசு நோகும்னு இருக்கேன்னு சொல்லாத." சரி என்றேன். "ஏன் உன்ன நம்பிப் போறேன் தெரியுமா? இத்தன வருஷத்துல நீ என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொன்னதில்ல." உண்மைதான். நல்லா இருக்கு என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. சரியாக இருந்தால் சரியா இருக்கு என்பேன்.

படம் ஓடியது. சுத்தம் பண்ணிய படம் என்பதால் கண்ணாடி மாதிரி இருந்தது. கோட்டில் உள்ள நூல்கூடத் தெரிந்தது. பிடரி தடித்த நடிகர் யாருக்கோ பயந்து ஊர் முழுக்க நடக்கிறார். முசே என் கையைப் பிடித்திருந்தார். காப்பிக் கடை வந்ததும், "கடை" என்றேன். அவர் பிடி இறுகியது. நடிகர் உள்ளே வருகிறார். மேசையில் ஒருவன் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். ஒட்ட வெட்டிய தலை. நடிகர் பக்கத்தில் வந்து நிற்கிறார். நடிகருடைய முகம் மட்டும் தெரிகிறது. தீப்பெட்டி கேட்கிறார். அவன் இடது கையால் கொடுக்கிறான். ஒரு வார்த்தை சொல்கிறான். நடிகர் பற்றவைத்து, பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறார். அவ்வளவுதான்.

முசேயின் கை என் கையிலிருந்து நழுவியது. "அது என் குரல் இல்ல" என்றார். "வேற ஆளு. பாரிஸ்காரன் குரல்." கொஞ்சம் பொறுத்து, "வெட்டிட்டாங்க. வேற ஆள வச்சு எடுத்துருக்காங்க" என்றார். அந்தப் பக்கம் மகள் குனிந்து, "முகமே காட்டலப்பா" என்றாள். மச்சினர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. வாய் ஓயாத மனிதர் அவர்.

நான் அப்போது பேசவில்லை. படம் ஓடும்போது மூன்று பேரிடம் பேச முடியாது. மீதிப் படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கண் திரையில் இருந்தது, மனசு அந்தத் தலையில் இருந்தது. பட்டாளத்து வெட்டு. மேலே சேவல் கொண்டை எழுந்து நிற்கிறது. என்னோடு வருஷக்கணக்காக மல்லுக்கு நின்ற அதே கொண்டை.

விளக்குப் போட்டார்கள். ஆட்கள் எழுந்தார்கள். நான் அந்தப் பெண்மணியிடம் போனேன். எனக்குத் தெரிந்த மலாய் மொழியில் கேட்டேன். தீப்பெட்டி கொடுக்கும் இடத்தை மறுபடி போட முடியுமா, போட்டு நிறுத்த முடியுமா என்று. என்ன ஏது என்று கேட்காமல் போட்டார். தலை திரை நிறைய நின்றது. நான் முசேயைக் கைப்பிடித்து அழைத்துப்போய்த் திரைக்கு நேர் முன்னால், முதல் வரிசை நடுவில் உட்கார வைத்தேன். "எதுக்குடா" என்றார். "உட்காருங்க. நேரா. கடையில உட்கார்ற மாதிரி" என்றேன். பிறகு மகளையும் மச்சினரையும் அவருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன். கீழே முசேயின் தலை. மேலே திரையில் அந்தத் தலை. இரண்டும் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே கோட்டில். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு.

முதலில் திரையில் விரல் வைத்தேன். வலது சுழி. பிறகு முசேயின் தலையில் வைத்தேன். திரையில் இடது சுழி, அவர் தலையில் இடது சுழி. நடுவில் நிற்கும் கொண்டை. அன்றைக்கு நான் வெட்டிவிட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, கீழேயும் நின்றது. கடைசியாகக் காதுக்குப் பின்னால். நான் தாழ்த்தி விட்டிருந்த முடியை விரலால் தூக்கினேன். பிறைத் தழும்பு. திரையில் மறைக்க முடியே இல்லை. வெள்ளையாகப் பிறை தெரிந்தது.

மகள் வாயில் கை வைத்துக்கொண்டாள். மச்சினர் முன்னால் வந்தார், திரைக்குப் போனார், திரும்பி வந்து முசேயின் காதைப் பிடித்து வளைத்துப் பார்த்தார், மறுபடி திரைக்குப் போனார். லோரி டயரைப் பார்ப்பது மாதிரி.

"தம்பி" என்றார் முசே. "சமாதானம் சொல்றியா?"

"நான் என்னைக்கு சமாதானம் சொன்னேன்?"

அவர் தன் கையைத் தூக்கித் தலைக்குப் பின்னால் கொண்டுபோனார். நான் விரலைப் பிடித்து வைத்தேன். இங்கே ஒன்று, இங்கே ஒன்று, இது நடுவில். தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். எத்தனையோ தடவை கண்ணாடியில் காட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தார்.

அந்தப் பெண்மணி குரல் விஷயத்தைச் சொன்னார். அந்தக் காலத்தில் தெருவில் எடுத்த படங்களுக்குப் பிறகுதான் குரல் சேர்ப்பார்களாம். சின்ன வேஷம் போட்டவர்களைத் தேடிப் பிடிக்க முடியாவிட்டால் வேறு ஆளை வைத்துப் பேச வைத்துவிடுவார்களாம். முசே அப்போது கப்பலில் இருந்திருப்பார். முன்னாலிருந்து எடுத்ததை ஏன் விட்டார்கள் என்று அந்தப் பெண்மணிக்கும் தெரியவில்லை.

அறையைப் பூட்டும் வரை உட்கார்ந்திருந்தோம். மகள் பின்னாலிருந்து போனில் ஒரு படம் எடுத்தாள், இரண்டு தலையும் தெரிகிற மாதிரி. பிறகு கீழே கடையில் தே தாரிக், நுரைக்க ஆற்றிய டீ, வாங்கினோம். முசே கோப்பையைத் தொடாமல் இருந்தார். "மூஞ்சியும் இல்ல. குரலும் இல்ல. அப்புறம் நான் என்னத்த நடிச்சேன்?" என்றார்.

"சும்மா இருந்தீங்க" என்றேன். "அசையல. டைரக்டர் அதத்தான கேட்டாரு."

அவர் முகம் மெதுவாக மாறியது. நடிக்காதே என்று அந்த இயக்குனர் சொன்னது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். மச்சினர் தொண்டையைச் செருமினார்.

"மச்சான், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அந்த ஆளு தீப்பெட்டியத் திருப்பிக் குடுக்கவே இல்லயே."

"வச்சுக்கோங்கன்னு நான்தானடா சொன்னேன்."

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவரும் சிரித்தார். கழுத்து விறைக்கவில்லை. நான் பின்னால் இல்லை, எதிரில்தான் இருந்தேன். இருந்தாலும் தெரிந்தது.

அடுத்த தடவை முடி வெட்ட வந்தபோது, வழக்கம்போல அந்தக் கொண்டைக்கு ஈரம் வைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "அமுக்காத. நிக்கட்டும்." காதுக்குப் பின்னாலும் தாழ்த்த வேண்டாம் என்றார். பட்டாளத்து வெட்டுக் கேட்டார். வெட்டினேன். கண்ணாடியைப் பிடித்தேன். "எப்படி இருக்கு?" என்றார். "படத்துல இருக்கற மாதிரி இருக்கு" என்றேன். அது பாராட்டா என்று எனக்குத் தெரியாது. உண்மை. அதற்குப் பிறகு அவர் கடைசி வரைக்கும் அந்த வெட்டில்தான் இருந்தார். கடையில் யாராவது, முசே உங்க படம் வந்துச்சாமே, மூஞ்சி தெரிஞ்சுதா என்று கேட்டால், "மூஞ்சிய ஏண்டா பாக்கற, நடிப்பப் பாரு" என்பார்.

போன வருஷம் போய்ச் சேர்ந்தார். பூச்சோங்கில் மகள் வீட்டில்தான் வைத்திருந்தார்கள். கடையைத் தஞ்சாவூர்க்காரரிடம் விட்டுவிட்டுப் போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் மேசை. சிலுவை, மெழுகுவத்தி, பூமாலை. நடுவில் படம். சாவு வீட்டில் வைக்கும் படம் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நேராகப் பார்க்கும் முகம், கோட்டு, டை. இது அப்படி இல்லை. அன்றைக்கு மகள் போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வைத்திருந்தாள். இரண்டு பின்னந்தலை. வந்தவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், ஒருவர் காதில் ஒருவர் பேசினார்கள். கிள்ளானிலிருந்து வந்த ஒரு ஆன்டி சத்தமாகவே கேட்டார். "என்ன படம் இது, முதுகக் காட்டிக்கிட்டு. நல்ல படம் கிடைக்கலயா?"

நான் வாயைத் திறக்கும்முன் மச்சினர் எழுந்துவிட்டார். இத்தனை வருஷம் கேலி செய்த அதே வாய்.

"அக்கா, இது மச்சான் நடிச்ச படம். பிரெஞ்சுப் படம். அங்க உள்ள பெரிய நடிகருக்கு நெருப்புக் குடுக்கறாரு."

"மூஞ்சி எங்க?"

"மூஞ்சிய எல்லாரும்தான் காட்டுவான் லா" என்றார். "இங்க பாருங்க, சுழி. இது ஒண்ணு, இது ஒண்ணு." சட்டத்தின் மேல் விரல் வைத்துக் காட்டினார். நான் திரையில் வைத்த அதே வரிசையில். வலது, இடது, நடுவில், கடைசியாகக் காதுக்குப் பின்னால். புதிதாக யார் உள்ளே வந்தாலும் எழுந்துபோய் மறுபடி காட்டினார். நான் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை.

மூடும்முன் மகள் என்னைக் கூப்பிட்டாள். "அங்கிள், தலைய ஒரு தடவ பாருங்க." ஆஸ்பத்திரியில் யாரோ ஈரம் வைத்துப் படிய வாரியிருந்தார்கள். தலையணைக்கும் தலைக்கும் நடுவில் கையை விட்டு, அந்தக் கொண்டையை எடுத்து நிமிர்த்தினேன். நின்றது. வந்தவர்கள் எல்லாம் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பின்னால் சரியாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இப்போதும் நான் அந்த அறைக்குப் போகிறேன், மாதம் ஒரு தடவை. தனியாக. கடைசி வரிசை மூலையில் இரண்டு நாற்காலி போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. தெரியாமலே பார்க்கிறேன். ஆள் நடக்கிறான், நிற்கிறான், திரும்புகிறான். அது போதும்.

கடையில் இப்போது வருகிற இளவட்டங்களுக்குக் கைக்கண்ணாடி வேண்டியதில்லை. போனைக் கொடுத்துப் பின்னால் ஒரு படம் எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்துக் கொடுக்கிறேன். அதற்குப் பிறகு கண்ணாடியையும் பிடிக்கிறேன்.

போன வாரம் தஞ்சாவூர்க்காரர் எனக்கு வெட்டிவிட்டார். முடித்துத் துண்டை உதறினார். நான் எழுந்திருக்கவில்லை.

"கண்ணாடி காட்டுங்க" என்றேன்.

"எதுக்குண்ணே. உங்களுக்குத் தெரியாத தலையா?"

"நான் பாத்ததில்ல."

பள்ளம் விழுந்த பிடியில் அவர் கட்டைவிரல் சரியாக உட்காரவில்லை. மாற்றிப் பிடித்தார். பெரிய கண்ணாடியில் ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒற்றைச் சுழி. நரை. காது கொஞ்சம் வெளியே நிற்கிறது. அசையாமல் இருந்தான். மற்றவர்கள் பார்க்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பார்த்தேன்.

"எப்படிண்ணே இருக்கு?"

"சரியா இருக்கு" என்றேன்.